இரண்டு ஸ்பூன் மஞ்சள்

நான்காம் எண் வேனின் இன்ஜின் திறக்கும்போது ஷெட்டில் இருந்தவர்கள்:
திருமுருகன், போக்குவரத்துப் பொறுப்பாளர்.
சாமிக்கண்ணு, வேன் ஓட்டுநர்.
அனிதா, வேன் ஆயா.
அறிவரசன், மெக்கானிக், பெரம்பலூர்.
வராதவர்: அரியமுத்து, வாட்ச்மேன். விடுப்பு. கேட் சாவி ஓட்டுநர் வசம்.

எழுதியது திருமுருகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஷெட்டில் நின்ற ஒரு வண்டியிலிருந்து புது பேட்டரி காணாமல் போனது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்து வண்டி எதுவானாலும் பானெட்டைத் தூக்குவதற்கு முன் யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நீள நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்ததும் என்ன பழுது, எதனால் என்று கீழே எழுதி மறுபடியும் கையெழுத்து. பேட்டரி கிடைக்கவில்லை. நோட்டு மட்டும் நிலைத்துவிட்டது.

அறிவரசன் கடைசியாகக் கையெழுத்துப் போட்டான். சனிக்கிழமை, காலை எட்டரை மணி. முந்தின இரவு அவன் தூங்கவில்லை. அதில் புதிதாக ஒன்றும் இல்லை. சிமென்ட் ஆலை ஒன்றில், மூட்டை கட்டும் பிரிவில், ஆறு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் நின்றபடியே தூங்கினான். விழித்தபோது கை பெல்ட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மூட்டைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தவன் திரும்பிப் போகவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஆலை விட்டுப் போனது, தூக்கம் திரும்பி வரவில்லை. பகலில் கண் எரியும். ராத்திரி விழித்துக்கொண்டே கிடப்பான். பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்க்கிறான். அந்தக் கொட்டகை விழாமல் நிற்பது இந்தப் பள்ளிக்கூடத்தின் பதினொரு வண்டிகளால்தான். அரியலூரைத் தாண்டி இவ்வளவு தூரம் அவன் வருவதும் அதற்காகத்தான்.

வியாழக்கிழமை பரீட்சை முடிந்து பிள்ளைகளைக் கொண்டுபோன நான்காம் வண்டி, விக்கிரமங்கலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் கொதித்து நின்றுவிட்டது. பதினாறு பிள்ளைகள் சித்திரை வெயிலில், ரோட்டோரக் கருவேல மரத்தின் ஓட்டை நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் அப்பா வந்து, ஆவி பறக்கிற வண்டியையும் அழுகிற நாலு முகத்தையும் போனில் படம் பிடித்தார். அது பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் சுற்றித் தாளாளரின் போனுக்கும் வந்துவிட்டது. தாளாளர் திருமுருகனிடம் இரண்டு விஷயம் சொன்னார். திங்கட்கிழமை கடைசிப் பரீட்சைக்கு வண்டி ஓட வேண்டும். தப்பு டிரைவர் மேல் என்றால், அன்றைக்கு அந்த டிரைவர் வேலையில் இருக்கக் கூடாது.

திருமுருகன் இதை மறைக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தை வெள்ளிக்கிழமையே டைப் செய்துவிட்டதாகவும், காரணம் எழுதுகிற இடத்தை மட்டும் விட்டுவைத்திருப்பதாகவும் சாமிக்கண்ணுவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். காரணம் வேறாக இருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடுவதாகவும் சொன்னார். நியாயமாகத்தான் பேசினார்.

சாமிக்கண்ணுவுக்கு ஐம்பத்தேழு வயது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றும் டிப்பரை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். முதுகெலும்பு நாலு இடத்தில் நசுங்கியிருக்கிறது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாராம். வேனுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த வேலை போனால் அவருக்கு மறுபடியும் டிப்பர்தான். அதிலும் பகல் நடை எல்லாம் வாலிபப் பசங்களுக்குப் போய்விடும், கிழவனுக்கு மிஞ்சுவது ராத்திரி நடை. இதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை. ஆனால் ஷெட்டில் நின்ற நாலு பேருக்கும் தெரியும்.

இன்ஜின் ஆறிக் கிடந்தது. அறிவரசன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். மூடியின் அடியில் பால்சட்டி அடிப்பிடித்த மாதிரி கெட்டியாக ஏதோ படிந்திருந்தது. அதை விரலால் சுரண்டிப் பார்த்து, விரலைத் துணியில் துடைத்தான். பிளாஸ்டிக் தொட்டியைக் கீழே தள்ளி, அடி ஹோஸை இறுக்கியிருந்த கிளாம்பைத் தளர்த்தி உருவினான். குபுகுபுவென்று கொட்ட வேண்டிய தண்ணீர், குட்டி ஆடு மூத்திரம் பெய்கிற மாதிரி நூலாக வந்தது. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரின் நிறம்தான் எல்லோரையும் குனியவைத்தது. சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் பச்சையாக வரும், துரு பிடித்திருந்தால் செம்மண் கலங்கலாக வரும். இது இரண்டும் இல்லை. சிவப்பு. பார்த்தால் கண்ணில் ஒட்டிக்கொள்கிற சிவப்பு.

திருமுருகன் இது துருவா, ஆயிலா என்று கேட்டார். பார்க்க வேண்டும் என்றான் அறிவரசன். அவன் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்த அனிதா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். வண்டியில் பதினாறு பிள்ளைகளையும் வாயாலேயே கட்டி மேய்க்கிறவள். நினைத்ததை அடக்கிவைக்கத் தெரியாது.

"என்னா சார் இது, ஆரத்தித் தண்ணியாட்டம் இருக்கு. வண்டிக்கு ஆரத்தி சுத்தி உள்ளயே ஊத்திட்டீங்களா?"

விரலால் தொட்டு மோந்தாள். "மஞ்ச வாட அடிக்குதுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னவள் சாமிக்கண்ணுவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எந்த வீட்டுக்கும் தெரிந்ததுதான். சுண்ணாம்பை யாரும் போட வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் எங்கே போர் போட்டாலும் கீழே அதுதான். ஷெட்டுக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பக்கு கட்டியிருக்கும், ஒருநாள் தண்ணீர் பிடித்துவைத்தால் வாளியில் வளையம் விழும். அந்தத் தண்ணீரைத்தான் தினமும் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் மஞ்சள் தானாக ஊறாது. அதை ஒரு கை போட்டிருக்க வேண்டும்.

"யாரு போட்டது?" என்றார் திருமுருகன்.

"நாந்தான் சார்," என்றார் சாமிக்கண்ணு.

"எத்தன தடவ?"

"திங்கக்கெழம திங்கக்கெழம. ஒம்போது வாரமா. தண்ணி சொட்டாம இருக்கணும்னு."

"யாரு போடச் சொன்னா?"

சாமிக்கண்ணு தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். அறிவரசன் கையிலிருந்த கிளாம்பைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்க இரண்டு மூன்று மூச்சு நேரம் இருந்தது. அது போய்விட்டது.

"நானாத்தான் சார்," என்றார் சாமிக்கண்ணு.

காலையிலிருந்து 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்த திருமுருகன் 'நீ'க்கு இறங்கினார். சாயங்காலம் வண்டி தயாரானதும் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அதுவரை மெக்கானிக்குக் கூடமாட இருக்கச் சொன்னார். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். அவருக்கும் இதில் சந்தோஷம் இல்லை. விட்டுவைத்த இடத்தில் எழுத ஒரு வரி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

போடச் சொன்னது அறிவரசன்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, ஏழாம் வண்டியின் கிளட்ச் பார்க்க வந்திருந்தபோது சாமிக்கண்ணு அவனைக் கூப்பிட்டு நான்காம் வண்டியின் அடியைக் காட்டினார். தரையில் பச்சையாக ஒரு தட்டு அளவு ஈரம். வாட்டர் பம்பு சீல் போய்விட்டது. புதுப் பம்பு வரவழைத்து மாற்ற வேண்டும், இரண்டு நாள் வண்டி நிற்க வேண்டும் என்று அங்கேயே நின்று திருமுருகனுக்குச் செய்தி அனுப்பினான். பரீட்சை முடியட்டும், அதுவரை ஏதாவது செய்து ஓட்டுங்கள் என்று உடனே பதில் வந்தது. அவனுக்கு அன்றைக்கும் கண் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் போடுங்கண்ணே, அடைச்சுக்கும் என்று சொல்லிவிட்டு ஏழாம் வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். மஞ்சள் போனால் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், வண்டி அடுத்த ஊர் வரைக்கும் ஓடும். அடுத்த ஊரில் பழுது பார்த்துவிடுவார்கள். இந்த வண்டிக்கு அடுத்த ஊர் என்று ஒன்று வரவே இல்லை. ஒரு தடவைதான் போட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. மார்ச்சில் சாமிக்கண்ணு போன் செய்து, இன்னும் சொட்டுது தம்பி என்றபோது, பாத்துக்கலாம்ண்ணே என்றான். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

பத்து மணிக்குள் தகரக்கூரை காய ஆரம்பித்தது. அறிவரசன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, பம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. போல்ட்டுகளில் இரண்டு சுண்ணாம்பு பிடித்து இறுகிக் கிடந்தன. சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கினான். சாமிக்கண்ணு கேட்காமலே சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பம்பு கழன்று வந்தபோது அதன் இறக்கைகளில் மஞ்சளும் வெள்ளையுமாகப் படை படையாக ஏறியிருந்தது. சூடு ஏறினால் திறந்து தண்ணீர் விட வேண்டிய வால்வும் அந்தச் சாந்தில் ஒட்டி மூடியே கிடந்தது. பம்பு ஓட்டை அடைபட்டதோ இல்லையோ, மற்றது எல்லாம் அடைபட்டிருந்தது.

ரேடியேட்டரைக் கவிழ்த்து அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தான். ஓரத்துக் குழாய்கள் திறந்தன, நடுவில் உள்ளவை அசையவில்லை. டவுனில் ரேடியேட்டர் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சாமிக்கண்ணு அதைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறினார். அரியலூர் ரோடு முழுக்கக் கல் லாரிகள். ஒவ்வொன்றும் தாண்டும்போது அவர் ரேடியேட்டரை இறுக்கிக்கொண்டு முகத்தை அறிவரசனின் முதுகில் மறைத்துக்கொண்டார். தூசிக்கு மறைத்தாரா, தெரிந்த டிரைவர் எவனாவது பார்ப்பான் என்று மறைத்தாரா, தெரியவில்லை.

கடைக்காரர் மேல் தொட்டியைப் பிரித்து, மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டுக் குத்தினார். தூளும் சில்லுமாக உதிர்ந்தது. ஒரு சில்லை எடுத்துப் பார்த்து, "ஏம்பா, இதுல சாம்பாரா வச்சீங்க?" என்றார். இருவரும் சிரிக்காததால் அவர் மறுபடி குனிந்துகொண்டார். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

எதிரே டீக்கடை. நிழலில் ஒரே பெஞ்சு. அறிவரசன் இரண்டு டீ சொன்னான். டீ வந்து, ஆடை கட்டி, அதை சாமிக்கண்ணு விரலால் எடுத்து எறிகிற வரைக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஏன்ண்ணே எம்பேர சொல்லல?"

"சொல்லி?"

"நாந்தான போடச் சொன்னன்."

"போட்ட கை எங்கைதான." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "ஒரு தடவைன்னு நீ சொன்னியா?"

"சொல்லல."

"அதான் நானும் ரோசன பண்ணிப் பாத்தன். சொன்ன மாதிரி நெனப்பு இல்ல. மொத வாரம் நின்னுச்சு. அடுத்த வாரம் சொட்டுச்சு. சரி, போட்டாதான் நிக்கும் போலருக்குன்னு வெள்ளிக்கெழம வெளக்கேத்துற மாதிரி வாரா வாரம் போட்டன். மளிகக்கடக்காரன்கூட கேட்டான், என்னா வூட்டுல இவ்ளோ மஞ்சக் கொழம்பான்னு."

பிறகு அவர் டிப்பர் முதலாளி ஒருவரிடம் நேற்றே பேசிவிட்டதாகச் சொன்னார். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை, மூன்று நடை. முதுகுக்கு ஒரு பெல்ட் விற்கிறதாம், வாங்கிக் கட்டிக்கொண்டால் ஓட்டலாம் என்று அந்த முதலாளியே சொன்னாராம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

அறிவரசன் டீயைக் கீழே வைத்தான். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு. அதற்குள் மூன்று மணி என்று ஒன்று வரும். அந்த நேரத்தில் கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டான். அவன் பெல்ட் பக்கத்தில் நின்றான், தப்பித்தான். இவர் இருபத்தைந்து டன் கல்லோடு ரோட்டில் இருப்பார். அவன் கணக்கு அதோடு நிற்கவில்லை. வாயைத் திறந்தால் பதினொரு வண்டியும் போய்விடும். பதினொரு வண்டி போனால் கொட்டகை போய்விடும். கொட்டகை போனால், ஆலையில் இன்றைக்கும் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருத்தன் ராத்திரிக்குப் போக வேண்டும். அது யார் என்பதுதான் பாக்கி. இந்த நினைப்பு அவனுக்கே கசந்தது. ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"குடி, ஆறிடுது," என்றார் சாமிக்கண்ணு.

இரண்டு மணிக்கு ஷெட்டுக்குத் திரும்பினார்கள். முந்தின நாளே வரவழைத்து வைத்திருந்த புதுப் பம்புக்குப் பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். புது வால்வு. புதுக் கிளாம்புகள். ரேடியேட்டரை ஏற்றி இரண்டு ஹோஸையும் மாட்டினான். குழாய்த் தண்ணீரைப் பிடிக்கப் போன சாமிக்கண்ணுவை நிறுத்தி, அரியலூரில் வாங்கிவந்த கேன் தண்ணீரில் கூலன்டைக் கலந்து ஊற்றினான். கை தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தது. அதற்காகவாவது இந்தத் தொழில் அவனுக்குப் பிடிக்கும்.

பிறகு மூடியைத் திறந்தபடியே வைத்து இன்ஜினை ஓடவிட்டான். இதுதான் பெரிய சோதனை. கொதித்த வண்டியை நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்திருக்கும். வளைந்திருந்தால் தண்ணீரில் குமிழி குமிழியாக வரும். கையெழுத்துக்காகக் காத்திருந்த அனிதாவும் சேர்ந்து மூன்று பேரும் ரேடியேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தண்ணீர் மெல்லச் சுழன்றது, குமிழி வரவில்லை. மீட்டர் முள் நடுவில் ஏறி நின்றது.

"முள்ளு ஏறுனதும் நிறுத்திட்டீங்கள்ல?" என்றான்.

"ஏறுன ஒடனே," என்றாள் அனிதா. "புள்ளைங்கள நான் எறக்குறதுக்குள்ள சாவிய உருவிட்டாரு."

நாலரைக்குத் திருமுருகன் நோட்டோடும் கடிதத்தோடும் வந்தார். முள்ளைப் பார்த்தார், வண்டியின் அடியில் குனிந்து தரையைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ஹெட் தப்பித்தது சாமிக்கண்ணு உடனே நிறுத்தியதால்தான் என்று அறிவரசன் சொன்னான். அது கடிதத்தில் வராது என்றார் திருமுருகன். காரணம் எழுதும் இடம் இப்போது நிரம்பியிருந்தது: பராமரிப்பு விதிகளுக்கு மாறாக ரேடியேட்டரில் மஞ்சள் தூள் இட்டது.

சாமிக்கண்ணு சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு பக்கக் காது நூலால் கட்டியிருந்தது. கடிதத்தை வண்டியின் பக்கவாட்டில் வைத்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பேனா கேட்டார். திருமுருகன் தன் பேனாவைக் கொடுத்தார். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அறிவரசன் போய் அதை அணைத்தான். திடீரென்று வந்த அமைதியில் அவன் குரல் வேண்டியதைவிடச் சத்தமாகக் கேட்டது.

"சார், அதுல எம்பேரையும் எழுதுங்க."

"எதுக்கு?"

"மஞ்ச போடச் சொன்னது நான்."

திருமுருகன் சாமிக்கண்ணுவைப் பார்த்தார். காலையில் நானாக என்றுதானே சொன்னாய் என்று கேட்டார். சாமிக்கண்ணு படித்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. சரி, அப்படியென்றால் இரண்டு பேரும் போங்கள் என்றார் திருமுருகன். சொன்னபோது குரலில் கோபமில்லை, களைப்புத்தான். இன்னொரு பெயர் எழுதக் கடிதத்தின் அடியில் இடம் இருந்தது.

அறிவரசன் கையைத் துணியில் துடைத்து, போனை எடுத்தான். தேடிப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. எடுத்து அவர் முன்னால் நீட்டினான். பிப்ரவரி பன்னிரண்டு, காலை ஆறு பத்து: பம்பு லீக், மாற்ற வேண்டும், இரண்டு நாள் நிற்க வேண்டும். ஆறு பன்னிரண்டு: பரீட்சை முடியட்டும், அதுவரை ஏதாவது செய்து ஓட்டுங்கள்.

திருமுருகன் தான் எழுதியதையே வேறு யாரோ எழுதியதுபோல் மெதுவாகப் படித்தார்.

"ஸ்பேர் வண்டி ஒண்ணு வேணும்னு மூணு தடவ எழுதிக் குடுத்துருக்கன்," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு நிமிர்ந்தார். "இத தாளாளருக்கு அனுப்பப் போறியா?"

அந்த நிமிஷம் வரை அறிவரசன் அதை யோசிக்கவே இல்லை. கேட்ட பிறகுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

"அந்தப் பேப்பர் அவருகிட்ட போனா, இதுவும் போவும்."

அனிதா வாளிமேலிருந்து எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சாலையில் ஒரு கல் லாரி போய், அதன் சத்தம் தேய்ந்தது. திருமுருகன் கையை நீட்டி, சாமிக்கண்ணுவின் விரலுக்கடியிலிருந்து கடிதத்தை உருவினார். இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார். துண்டுகளைச் சிவப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அழிச்சுடு என்றார். அறிவரசன் அவர் பார்க்கும்படியே அந்தச் செய்தியை அழித்தான்.

நோட்டில் திருமுருகன் எழுதினார். பழுது: வாட்டர் பம்பு கசிவு. காரணம்: தேய்மானம். புதியது மாற்றப்பட்டது. நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அனிதா பேனாவை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள எங்க சார் எழுதறது?" என்றாள். எழுத வேண்டாம் என்றார். நல்லதுங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அறிவரசன் போட்டு முடித்ததும் திருமுருகன் நோட்டை மூடினார்.

"உன் சாமானெல்லாம் எடுத்துக்க. அந்த மூலையில கெடக்கற ஜாக்கியையும் எடுத்துக்க. திங்கக்கெழமலேர்ந்து வேற ஆளு வருவாரு." சாமிக்கண்ணுவிடம் திரும்பி, இவன் வெளியே போனதும் கேட்டைப் பூட்டிவிடச் சொன்னார். இனிமேல் இவனை உள்ளே விடக் கூடாது என்றும், அரியமுத்து வந்தால் அவனிடமும் சொல்லிவைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"சரிங்க சார்," என்றார் சாமிக்கண்ணு.

அறிவரசன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். அவசரம் ஒன்றும் இல்லை. ஜாக்கியைக் கயிறு போட்டு பைக்கின் பின்னால் கட்டினான். அனிதா அதற்குள் கிளம்பிப் போய்விட்டாள், வரேன் தம்பி என்று சொல்லிக்கொண்டு. வெயில் ஷெட்டின் மேற்குப் பக்கமாக உள்ளே நீண்டு கிடந்தது. பைக்கை உருட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். சாமிக்கண்ணு பக்கத்தில் நடந்து வந்தார். இவர் ஏதாவது சொல்வார் என்று அவனுக்கு ஒரு நினைப்பு இருந்தது. இல்லாமலா இருக்கும்.

"நீ காலையிலயே சொல்லிருக்கலாம் தம்பி," என்றார். "பகலெல்லாம் அந்தப் பேப்பர் என் நெஞ்சுலயே உக்காந்திருந்துச்சு."

"ஆமாண்ணே."

காலையில் அந்த இரண்டு மூன்று மூச்சு நேரம் இருந்தது. டீக்கடையில் ஒரு மணி நேரம் இருந்தது. அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

கேட்டைத் தாண்டி வெளியே வந்து பைக்கில் ஏறி உட்கார்ந்தான். சாமிக்கண்ணு உள்ளே நின்று ஒரு கதவை இழுத்துச் சாத்தினார். இரண்டாவதைப் பாதியில் நிறுத்தினார்.

"இனிமே தண்ணி எது ஊத்தறது?"

"கேன் தண்ணி. கூலன்ட் கலந்து ஊத்துங்க. குழாத் தண்ணி வேணாம்."

"மஞ்ச?"

"போடவே கூடாதுண்ணே. ஒரு தடவைகூட."

"இத அன்னக்கே சொல்லிருந்தா," என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. இரண்டாவது கதவையும் சாத்தினார். சங்கிலியைக் கம்பிகளுக்குள் விட்டு இழுத்து, பூட்டை மாட்டி அழுத்தினார். பூட்டு விழுந்துவிட்டதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தார்.